தடித்த நெட்வொர்க் கேபிளைச் சுவர் சாக்கெட்டில் பொருத்துவது எப்படி?

கேட் 6ஏ என்ற தடித்த நெட்வொர்க் கேபிளின் எட்டுச் செம்புக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் எதிரெதிரான சமிக்ஞைகள் செல்கின்றன. கம்பிகள் முறுக்கியிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது; பெறும் கருவி வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது அந்த இரைச்சல் கழிந்துவிடுகிறது. முறுக்கு அவிழ்ந்த இடத்தில் இந்தக் காப்பு குறைகிறது. எனவே சாக்கெட்டில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான்.

இணைகளைத் தள்ளி வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பும் சில வகைகளில் உலோகத் தாளும் சேர்வதால் கேபிள் தடிக்கிறது. 7.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேபிளை 30 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆரத்தில் வளைத்தால் இணைகளின் அமைப்பு குலைந்து, சமிக்ஞையின் ஒரு பகுதி திரும்பிவிடும். ஆழம் குறைந்த சுவர்ப் பெட்டியில் இவ்வளவு அகன்ற வளைவுக்கு இடமிருக்காது. பூச்சு வேலைக்கு முன்பே ஆழமான பெட்டியைப் பதிப்பதே நல்லது.

தனித்தனிக் கம்பிகளின் உறையைச் சீவ வேண்டியதில்லை. பஞ்ச் டவுன் கருவியால் அழுத்தும்போது சாக்கெட்டின் பிளவுத் தகடுகளே உறையைக் கிழித்துச் செம்பைப் பற்றும். இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். உலோகத் தாள் உள்ள கேபிளென்றால், அந்தத் தாள் சாக்கெட்டின் உலோக உடலைத் தொட வேண்டும்.