வீடியோ சொல்லிக்கொடுப்பதும் கை கற்றுக்கொள்வதும்

1956-ல் கோவையில் தொடங்கிய சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், மில் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. இந்தப் பயிற்சியை ஆன்லைனில் கொடுக்க முடியுமா? பாதிதான் முடியும்.

அறுந்த நூலை இணைப்பதை எடுத்துக்குவோம். விரல் அசைவை வீடியோவில் மெதுவாக ஓட்டிக் காட்டலாம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவருக்கு அவர் மொழியிலேயே விளக்கலாம். ஆனா ஸ்பிண்டிலை நிறுத்தி, நூல் நுனியைப் பிடித்து இணைக்கும் வேகம் மெஷின் முன்னாடிதான் வரும்.

அதனால எது திரைக்கு, எது கைக்கு என்று முதலில் பிரிக்கணும். பாடத்தை ஷிப்டுக்குள்ளேயே, சம்பளத்தோடு வைக்கணும். எட்டு மணி நேரம் நின்ற கால் வீட்டில் ஓய்வைத்தான் கேட்கும்.

பலனை எப்படி அளப்பது? 1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, பலன் கிடைத்ததா. ‘நூறு சதவீதம் பார்த்து முடித்தார்’ என்பது இதில் எந்தப் படியும் இல்லீங்க.