அடியில் ராஜா முத்திரை... மேலே போலி ஓவியம்! பிரெஞ்சு பீங்கானின் மறுபக்கம்

1749-ல் பிரான்ஸிலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு ஒரு பூங்கொத்து போனது. அனுப்பியவர், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மருமகள் மரி ஜோசப். அது அவருடைய அப்பாவுக்கு, அதாவது சாக்ஸனியின் ஆட்சியாளர் மூன்றாம் அகஸ்டஸுக்கு. கொத்தில் 400-க்கும் மேற்பட்ட பூக்கள். ஒன்றுகூட வாடவில்லை. ஏனென்றால், எல்லாமே பீங்கான்!

பாசப் பரிசுதான். ஆனால், அதில் கொஞ்சம் குறும்பும் உண்டு. சீனாவுக்கு நிகரான பீங்கானை ஐரோப்பாவில் முதலில் செய்துகாட்டியது சாக்ஸனி. அங்கே மைசன் ஆலை 1710-லேயே தொடங்கிவிட்டது. 'எங்களுக்கும் வரும்' என்று புகுந்த வீட்டிலிருந்து போன பதில்தான் அந்தக் கொத்து.

பூக்கள் தயாரானது பாரிஸ் அருகே வான்சென் கோட்டையில் இருந்த பட்டறையில். இதழ் இதழாகக் கையால் செய்தவர்கள் பெண்கள். உண்மையான பீங்கானுக்குத் தேவையான கயோலின் என்ற வெண்களிமண் அப்போது அவர்களிடம் இல்லை. கண்ணாடி மாதிரி உருக்கிய கலவையை அரைத்து, களிமண்ணோடு சேர்த்துச் சமாளித்தார்கள். இதற்கு 'மென்பீங்கான்' என்று பெயர். சூளையில் வைத்தால் கோணும், விரியும்; வீணாவது அதிகம். ஆனால், தீட்டிய வண்ணம் மேல்பூச்சுக்குள் உருகி இறங்கிவிடும். ரோஜா இதழ் ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். இன்றைய சேகரிப்பாளர்கள் மயங்குவது அந்த மென்மைக்குத்தான்.

1756-ல் ஆலை செவ்ர் என்ற ஊருக்கு மாறியது. 1759-ல் மன்னரே அதை வாங்கிவிட்டார். ஆண்டு முடிவில் வெர்சாய் அரண்மனையிலேயே விற்பனை நடக்கும். ராஜாவே கடை விரித்தால் பிரபுக்கள் வாங்காமல் போக முடியுமா?

தங்கப் பூச்சுக்கு மற்ற ஆலைகளுக்குத் தடை இருந்தது. தங்கத்தை மையாக அரைத்து, தூரிகையால் தீட்டி, குறைந்த சூட்டில் சுடுவார்கள். சூளையிலிருந்து மங்கலாகத்தான் வெளியே வரும். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது தனி வேலை.

கோப்பையின் அடியில் பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகள் இருக்கும். அது லூயியின் அடையாளம். நடுவில் உள்ள எழுத்து ஆண்டைச் சொல்லும்: 'ஏ' என்றால் 1753, 'பி' என்றால் 1754. போலிக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த முத்திரையைத்தான்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஆலை நொடித்துப்போனது. 1800-ல் பொறுப்பேற்ற அலெக்ஸாந்தர் புரொன்யார், தேங்கிக் கிடந்த ஓவியம் தீட்டாத வெள்ளைப் பாத்திரங்களை விற்றுத் தீர்த்தார். பாரிஸிலும் இங்கிலாந்திலும் ஓவியர்கள் அவற்றை வாங்கி, பூவும் பொன்னும் தீட்டி, பழைய முத்திரையையும் போட்டு விற்றார்கள். பீங்கான் அசல், ஓவியம் போலி! வாங்கியவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சில சமயம் முத்திரையே காட்டிக்கொடுக்கும். செவ்ரின் புகழ்பெற்ற ரோஜா நிறம் 1757 வாக்கில்தான் வந்தது. ரோஜா நிறக் கோப்பையின் அடியில் 'பி' இருந்தால், அது 1754-ல் எப்படிப் பிறந்திருக்கும்? 1768-ல் லிமோஜ் அருகே கயோலின் கிடைத்த பிறகுதான் செவ்ரில் கடினப் பீங்கான் விற்பனைக்கு வந்தது. அந்தப் பீங்கானில் 1750-களின் எழுத்து இருந்தாலும் சந்தேகம்தான்.

இலைகளின் பச்சையையும் நிபுணர்கள் விடுவதில்லை. குரோமியம் என்ற தனிமத்தையே 1797-ல்தான் கண்டுபிடித்தார்கள். பதினைந்தாம் லூயி காலத்து ரோஜாவின் இலையில் அது இருந்தால், ஓவியம் பின்னால் தீட்டியது என்று அர்த்தம்.

ஏல நிறுவனங்களின் பட்டியலில் 'செவ்ர்' என்பதும் 'செவ்ர் பாணி' என்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு சொல்லில் விலை தலைகீழாக மாறிவிடும்.