செங்கமாரி திரும்பி வந்தால் எங்கே போவது?

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றில் இரவு எட்டு மணிக்கு ஒருவருக்கு உடம்பு உதறிக் குளிர்காய்ச்சல் வருகிறது. டெங்குவாக இருக்குமோ என்று பயந்து ஒரு பனடோல் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். கண் மஞ்சளித்திருந்தால் செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைப்பார்கள். ஆனால், பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு அந்த ஓர் இரவே உயிரைப் பறித்துவிடலாம். பித்தம் வடியும் வழி அடைபட்டுக் கிருமி தொற்றினால், அது விரைவிலேயே இரத்தத்தில் கலந்துவிடும். நரம்பில் ஏற்றும் மருந்தும், அடைப்பை நீக்குவதும்தான் அதற்கு வைத்தியம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

மஹரகமவிலோ கொழும்பிலோ சிகிச்சை முடித்து மட்டக்களப்புக்குத் திரும்புகிறவரின் கையில் டயக்னோசிஸ் காட் இருக்கும். நடந்த சிகிச்சை அதில் இருக்கும். இனி நடக்க வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வாட்டை விட்டு இறங்க வேண்டும். சத்திரசிகிச்சை செய்த இடம் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் முதலில் போக வேண்டியது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கா? அங்குள்ள வைத்தியர் யாருடன் பேச வேண்டும்? இவை அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அது பிளாஸ்டிக்கா உலோகமா என்று கேட்டு எழுதுங்கள். பிளாஸ்டிக் என்றால் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தத் திகதியைத் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கட்டியை முழுதாக வெட்டி எடுத்தவர்களிலும் பலருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அதனால் அந்தக் காலத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் செய்வார்கள். பிறகு ஐந்து ஆண்டு வரை இடைவெளியைக் கூட்டுவார்கள். சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்து உறக்கம் கெடும் குடும்பங்கள் உண்டு. புற்றுநோய் இல்லாமலே, வெறும் பித்த அடைப்பிலும் அது ஏறும். சிலருடைய உடலில் அது சுரப்பதே இல்லை. தனி எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் பலருக்குக் கெப்பசிட்டபின் குளிசை கொடுக்கிறார்கள். பிரித்தானியாவில் 447 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வே இதற்கு வழி திறந்தது. பதினான்கு நாள் குடித்து ஏழு நாள் நிறுத்த வேண்டும். இப்படி எட்டுச் சுற்று, ஏறக்குறைய ஆறு மாதம். இந்தக் குளிசை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்துத் தோலை உரிக்கக்கூடும். வாவியில் வலை இழுப்பவருக்கும் வயலில் இறங்குபவருக்கும் இது சின்ன விஷயமல்ல. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் ஒரு வகைக் கிருமி புண் வழியாகவும், வேகாத மட்டி வழியாகவும் ஈரல் பலவீனமானவரை மோசமாகத் தாக்கும். தோல் உரிந்திருக்கும்போது தண்ணீரில் இறங்க வேண்டாம். தொழில் என்னவென்று வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க அவரால் முடியும்.

மீன் சாப்பிட்டதால் வந்ததா என்று கேட்கும் வீடுகளும் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதால் ஈரலில் குடியேறும் புழு இந்நோய்க்குப் பெரிய காரணம். நாம் ஆணம் காய்ச்சி, வேகவைத்து உண்கிறோம். நன்றாக வெந்த மீனும் இறாலும் மெலிந்த உடம்புக்கு நல்ல புரதம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கொழுப்புச் செரிக்கவில்லை என்று பொருள். அதற்கு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் சொல்லுங்கள்.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பின் பலருக்கு வைத்தியசாலைக்குப் போகும் வழி சுருங்கியது. ஆனாலும் மார்கழி வெள்ளத்தில் படுவான்கரையின் ஊர்கள் துண்டிக்கப்படுவது நின்றபாடில்லை. அந்த மாதங்களில் கிளினிக் திகதி வந்தால் முன்கூட்டியே மாற்றக் கேளுங்கள். குளிசையை ஒரு சுற்று முன்னதாகத் தர முடியுமா என்றும் விசாரியுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுபோங்கள். ஸ்டென்ட் மாற்றும் நாள், அடுத்த ஸ்கேன் மாதம், காய்ச்சல் வந்தால் போக வேண்டிய வைத்தியசாலை ஆகிய மூன்றையும் வைத்தியரின் கையாலேயே அதில் எழுதி வாங்குங்கள்.