காற்றேறிகள் – 9: ரப்பர் கயிற்றை இழுத்தவர்கள்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது 1919ஆம் ஆண்டின் வெர்சாய் ஒப்பந்தம். எஞ்சின் வைத்த விமானம் கட்டவும் தடைகள் வந்தன. எஞ்சின் இல்லாமல் பறந்தால் யார் கேட்பது? 1920 கோடையில், ரோன் மலைப்பகுதியில் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே குன்றில் கிளைடர் போட்டி தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே பறந்த கிளெம்பெரர் என்பவர் இரண்டரை நிமிடம்கூடக் காற்றில் நிற்கவில்லை. அதுவே பெரிய சாதனை. 1922இல் ஹனோவர் மாணவர்களின் ‘வாம்பயர்’ கிளைடர் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது.

அதன்பின் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். கிளைடரின் மூக்கில் ரப்பர் கயிற்றை மாட்டி, அதன் இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு அணிகள் சரிவில் ஓடும். வாலை வேறு சிலர் இறுகப் பிடித்திருப்பார்கள். ‘இழு, ஓடு, விடு’ என்று மூன்று கட்டளைகள். வாலை விட்டதும் உண்டிவில்லிலிருந்து கல் போவது போல கிளைடர் பாயும். ஒருவர் சில விநாடிகள் பறக்க ஒரு படையே மூச்சு வாங்கும். இறங்கிய கிளைடரை எல்லோருமாக மறுபடி மேலே இழுத்து வரவேண்டும். புதிதாக வந்தவனிடம் ‘சும்மா நின்று பார்’ என்று சொல்ல அங்கே வழியே இல்லை. அவன் கை தேவைப்பட்டது.

அந்த உற்சாகத்தை 1933க்குப் பிறகு நாஜி அரசு தன் ராணுவக் கணக்கில் சேர்த்துக்கொண்டது தனிக் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிளைடருக்கும் விழுந்த தடை 1951இல்தான் விலகியது.

இன்று ஆள் சேர்க்க கிளைடர் கிளப்புகள் நம்பியிருப்பது சோதனைப் பயணத்தை. பணம் கட்டியவரை இரட்டை இருக்கைக் கிளைடரில் உட்கார வைத்து, வின்ச் எனும் கயிறு சுருட்டும் இயந்திரத்தால் ஒரு நிமிடத்துக்குள் சில நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஒரு சுற்று காட்டி இறக்குவார்கள். வந்தவர் படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். என் கணக்கில் அவர் பயணி. கிளைடர் பறத்தல் என்றால் என்ன என்பதையே அவர் பார்க்கவில்லை: இறக்கை முனையைப் பிடித்து ஓடுவது, வின்ச் ஓட்டுவது, குளிர்காலத்தில் பட்டறையில் பழுது பார்ப்பது.

திரையில் நேரடியாகக் காட்டும் பந்தயங்கள் ரசிகர்களைக் கூட்டலாம். மாணவர்களைக் கூட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சோதனைப் பயணத்துக்கு வந்தவரை அன்று மதியம் வரை நிறுத்தி, இறக்கை முனையைக் கையில் கொடுத்து, அடுத்த சனிக்கிழமைக்கு அவர் பெயரைப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். ஜெர்மனியில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். கார் ஓட்ட இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்ல, விளம்பரப் பலகையைவிட பக்கத்து பெஞ்சு நண்பன் மேல்.

ஒன்றே ஒன்று பழைய மலையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது: நேரம். அன்றைய மாணவர்கள் கோடை முழுவதும் கூடாரத்தில் கிடந்தார்கள். இன்று சின்னக் குழந்தை உள்ள ஒரு தாயிடம், ஐந்து நிமிடப் பயிற்சிக்காக முழுச் சனிக்கிழமையையும் கேட்டால் அவர் திரும்ப வரமாட்டார். காலை அணி, மாலை அணி என்று முறை வைத்து அரை நாளில் வேலையும் பறத்தலும் முடியச் செய்யும் கிளப்புக்கே அவர் கிடைப்பார்.

(அடுத்த வாரம்: 1926இல் இடிமேகத்துக்குள் உறிஞ்சப்பட்ட மாக்ஸ் கேகல்)