கத்தி கடைசியிலதான்!

2008-ல் வந்த ‘இப் மேன்’ படத்தைப் பார்த்துட்டு விங் சுன் கத்துக்கக் கிளம்பிட்டீங்களா? இரட்டைக் கத்தி உடனே கைக்கு வராது. இந்தத் தென் சீன குங்ஃபூவில் முதல் பாடம் ‘சியூ நிம் தாவ்’. முழங்கால்களை உள்பக்கமா வளைச்சு, நின்ற இடத்திலேயே நின்னு கைகளை மட்டும் அசைக்கணும். அதிலும் முதல் பகுதி ஆமை வேகம். போரடிக்கும்தான்! ஆனா, முழங்கையை விலகவிடாமல் நெஞ்சுக்கு நேராக வைக்கப் பழகுறது இங்கேதான். திரும்புறது, நகர்றது, உதைக்கிறது எல்லாம் ‘சம் கியூ’வில் வரும். அப்புறம் ‘பியூ ஜீ’, மரப்பொம்மை. நீளக் கழியும் கத்தியும் அதுக்கும் பிறகே. கழி சுமார் 9 அடி. ஒரு முனையில் பிடிக்கணும். இடுப்பும் காலும் உறுதியா இல்லைன்னா மொத்த பாரமும் மணிக்கட்டுக்குப் போகும். கத்தியில் முழங்கை விலகினா, சொந்தக் கையிலேயே வெட்டு விழலாம். முதல் மாசமே கத்தியை நீட்டுற மாஸ்டர்கிட்ட, ‘ஏன் மாஸ்டர் அவசரம்?’னு கேட்டுடுங்க.