பத்திரத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து நிலப் பத்திரத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். மடிப்பில் சுரண்டிய தடம், ஓரத்தில் கோணல்மாணலான ஓட்டை, மஞ்சள் கறை, மிளகுத் தூள் போன்ற எச்சம் ஆகியவை தென்பட்டால் இராமபாணப் பூச்சி குடியேறிவிட்டது என்று அறியலாம். பலர் இதைக் கரையான் என்று எண்ணிச் சுவரடியில் மருந்து ஊற்றுகிறார்கள். கரையான் வந்திருந்தால் மண்பூச்சு இருக்கும். இதில் மண் இராது.

நரிக்குடி, திருச்சுழி பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இது சிறு நஷ்டமல்ல. பட்டா, சிட்டாவைக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம். பழைய கிரயப் பத்திரம் அப்படியல்ல. பதிவு எண்ணும் ஆண்டும் உள்ள இடத்தில் ஓட்டை விழுந்தால், வில்லங்கச் சான்று போட்டு எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அதற்குள் விதைப்புக் கடன் வாங்கும் நாள் கடந்துவிடும்.

வெள்ளிப் பூச்சி என்றும் சொல்லப்படும் இதற்குச் சிறகு கிடையாது. உடலில் வெள்ளிச் செதில். வாலில் மூன்று இழைகள். பறக்கும் பூச்சிகள் தோன்றுமுன்பே தோன்றிய பழைய குலம் இது. உலகில் சுமார் 600 வகைகள் உண்டெனினும் வீட்டுக்குள் வாழ்பவை சிலவே. சில வகை ஈரம் தேடும். நெருப்புப் பூச்சி எனத்தக்க மற்றொரு வகை அடுப்பங்கரைச் சூட்டை விரும்பும். காற்றிலுள்ள ஈரத்தையே உடலின் பின்முனையால் உறிஞ்சிக்கொள்ள அதனால் முடியும். எனவே நம்முடையது வறண்ட சீமை, பூச்சி வராது என்று இருந்துவிடக் கூடாது.

பகலில் ஒளிந்து இரவில் மேயும். முட்டையிடும் பருவம் வந்த பின்னும் சாகும்வரை தோல் உரிக்கும். மூன்றாண்டுக்கு மேலும் வாழும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மாவுப் பசை, கஞ்சி போட்ட துணி, காகிதம் எல்லாம் இதற்கு உணவு. அருப்புக்கோட்டை நெசவாளருக்கும் இதனால் தொல்லை உண்டு. கஞ்சி ஏறிய பாவு நூல் இதற்கு விருந்து.

காகிதம் எப்படிச் செரிக்கிறது? புற்றுக் கரையான் உள்ளே காளான் வளர்த்து, அதன் துணையால் மரத்தைச் செரிக்கிறது. மழைக்குப்பின் நாம் பறிக்கும் புற்றுக்காளான் அதுதான். இராமபாணத்துக்கு அப்படி ஒரு கூட்டாளி கட்டாயமில்லை. 1956-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், குடலில் பாக்டீரியாவே இல்லாத இப்பூச்சிகளுக்கு நார்ச்சத்தைக் கொடுத்துப் பார்த்தனர், அப்போதும் செரித்தது. தேவையான நொதியைத் தானே சுரக்கிறது. 2018-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் தலைமையில், நெருப்புப் பூச்சியின் குடலில் நாரை வெட்டும் புதுவகை நொதி ஒன்று கண்டறியப்பட்டது. வைக்கோல், தட்டை போன்றவற்றிலிருந்து எரிபொருள் எடுக்க அது உதவலாம் என்கிறார்கள். பருத்திமாறைக் கொளுத்திவிடும் நமக்கு இது நல்ல சேதிதான்!

குடல் நுண்ணுயிருக்கு வேறு வேலை இருக்கிறது. நெருப்புப் பூச்சியின் எச்சத்திலுள்ள ஒரு பாக்டீரியாவும் ஒரு பூஞ்சையும் மற்றப் பூச்சிகளை அங்கே கூடச் செய்கின்றன என்று 2013-இல் கனடா நாட்டில் கண்டனர். ஆகவே பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது; எச்சத்தையும் துடைத்தெடுத்தல் வேண்டும்.

பெட்டியைக் காலி செய்து, சூடாகும்வரை வெயிலில் காயவைத்து, மூலைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பத்திரத்தை நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலில் மை மங்கும். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பத்திரத்தில் மைதாப் பசை ஒட்டாதீர்கள். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கர்ப்பூரம் இடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வசம்பு மட்டும் வைத்தாலும் ஓரளவு பயன் கிட்டும். மணம் குறைந்ததும் மாற்ற வேண்டும்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துத் தூளை மட்டும் பெட்டியில் தூவ வேண்டாம். முன்பு பி.எச்.சி. தூவியவர்கள் உண்டு, அது 1997-இல் தடை செய்யப்பட்டது. அதே பெட்டியில்தானே குழந்தையின் துணியும் இருக்கிறது?

பூச்சி இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று: கண்ணாடிப் புட்டியின் வெளிப்புறத்தில் துணி சுற்றி, உள்ளே ஒரு சிட்டிகை மாவு போட்டு, இரவில் பெட்டியருகே வையுங்கள். துணியைப் பற்றி ஏறி உள்ளே விழும் பூச்சியால் வழுக்கும் கண்ணாடியில் ஏறி வெளியேற முடியாது. காலையில் எண்ணிப் பார்க்கலாம்.