எஞ்சினுக்கு முன் எரிபொருள்

மாதிரி விமானத்துக்கு கிளோ எஞ்சின் எங்கே வாங்கலாம் என்று கணியம்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது: எரிபொருளுக்கு என்ன வழி?

உள்ளங்கையில் அடங்கும் இந்த எஞ்சின் பெட்ரோலில் ஓடாது. ஸ்கூட்டரில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு மின்பொறி வேண்டும். இதில் பொறியே கிடையாது. தலையில் திருகிய கிளோ பிளக்குக்குள் மெல்லிய பிளாட்டினச் சுருள் இருக்கிறது. 1.5 வோல்ட் கொடுத்தால் செக்கச்செவேலென்று கனலும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி படப்பட பிளாட்டினம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். சூடான பிளாட்டினக் கம்பி எரிவாயுக் கலவையில் சுடரில்லாமல் கனன்றுகொண்டே இருப்பதை 1817-இல் ஹம்ப்ரி டேவி கண்டார். அமெரிக்காவின் ரே ஆர்டன் 1947-இல் அதைப் பிளக்காக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. எரிபொருளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கரையாது. நம் விளக்கெண்ணெய் கரையும். நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டும் எஞ்சினின் பிஸ்டனை அதுதான் காப்பாற்றுகிறது. கூடுதல் வேகத்துக்குக் கொஞ்சம் நைட்ரோமீத்தேன்.

சிக்கல் மெத்தனாலில். அது கொடிய நஞ்சு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதுதான். தமிழ்நாட்டில் இதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு சரியானது. ஆகவே வீட்டில் கேனில் வாங்கிக் கலக்க நினைக்காதீர்கள். முறையாக எரிபொருள் வைத்திருக்கும் கல்லூரியோடோ பறத்தல் குழுவோடோ சேர்ந்த பிறகே எஞ்சினுக்குப் பணம் கொடுங்கள்.

வாங்குவதானால், முதல் எஞ்சினாக 46 அளவு நல்லது; கொள்ளளவு சுமார் 7.5 சிசி. ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1936 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஒருகாலத்தில் கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் 'அரோரா' என்ற சிறு டீசல் எஞ்சின்களை இங்கேயே செய்தது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய்க் கலவையில் அவை பிளக்கே இல்லாமல் ஓடின. இன்று பெருநகர ஹாபி கடைகளில் மின்மோட்டார்கள்தான் நிறைந்திருக்கின்றன. மோட்டாருக்கு மாறிய பழைய பறத்தல்காரர்களிடம் நல்ல கிளோ எஞ்சின்கள் தூங்குகின்றன. அங்கே தேடுங்கள்.

பழையதை வாங்கும்போது புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஏ.பி.சி. வகையில் (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை உருளை), குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், சூடேறினால் சரியாகும். எங்குமே அசையாவிட்டால் உள்ளே காய்ந்த விளக்கெண்ணெயாக இருக்கலாம், இளஞ்சூட்டில் இளகும். கரகரவென்று சுற்றினால்தான் கவலை. மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடித்திருக்கும்.

இன்னொன்று. கணியம்பாடிச் சமவெளியில், எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வைத் திருகிச் சரிசெய்த எஞ்சின், ஜவ்வாது மலைமேல் காவலூர் உயரத்தில், சுமார் 700 மீட்டரில், புகை கக்கி மந்தமாக ஓடும். காற்று மெலிந்திருக்கிறது, எரிபொருள் மட்டும் அதே அளவு வருகிறது. ஊசியைச் சிறிது மூடுங்கள், சத்தம் கூர்மையாகும்.